வயசானா அப்படித்தான்

இரவில் ஒண்ணுக்குப் போக எத்தனை முறை எழுகிறீர்கள் என்று கேட்டால், ஐம்பது வயதைத் தாண்டிய நம்மில் பலர் "ஒரு தடவை, என்னைக்காவது ரெண்டு" என்போம். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியைக் கேட்டால் நாலு என்பார். விளக்கு எரிவதும், தாழ்ப்பாள் நகர்வதும், பிறகு நெடுநேரம் சத்தமே இல்லாமல் இருப்பதும், அதன்பின் விட்டுவிட்டு வரும் சொட்டுச் சத்தமும் அவருக்கு மனப்பாடம். "டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்ட்டு வாங்களேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்தவரும் அவரே. "வயசானா அப்படித்தான்" என்று ஒவ்வொரு முறையும் பேச்சை முடித்தவர்கள் நாம்.

பஸ் ஸ்டாண்டு மதிலில் 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருக்கும் இடத்துக்கு நேர் கீழே நின்று கழிக்க வெட்கப்படாத இனம் நாம். மூடிய அறைக்குள், அதுவும் அதற்கென்றே படித்து வந்திருக்கும் ஒருவரிடம், அதைப் பற்றிப் பேசத்தான் வெட்கம் வந்தது. சர்க்கரை எவ்வளவு என்று டீக்கடை பெஞ்சில் உரக்கச் சொல்வோம். இதயத்தில் பைபாஸ் செய்த கதையைக் கல்யாணப் பந்தியில் சொல்வோம், சிலர் சட்டையைத் தூக்கித் தழும்பும் காட்டுவோம். தொப்புளுக்குக் கீழே இருப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்த சிலரும் "கொஞ்சம் யூரின் பிராப்ளம்" என்று இரண்டு ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். (நம் வீட்டுப் பெண்கள், வேலைக்குப் போன இடத்தில் கழிப்பறை இல்லாமல் காலை முதல் மாலை வரை அடக்கிவைத்துக்கொண்டு வந்ததையும் நாம் கேட்டதில்லை. அது தனிக் குற்றப்பட்டியல்.)

பேசாததற்கு அடுத்த வேலை, நாமே வைத்தியம் பார்த்துக்கொண்டது. முதலில் உடம்புச் சூடு என்று முடிவு கட்டினோம். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தோம்; இளநீர், பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு குடித்தோம்; நெருஞ்சில் பொடி வாங்கிக் கொதிக்கவைத்தோம். இவையெல்லாம் கெட்டவை என்று யாரும் சொல்லவில்லை. சித்த மருத்துவத்தில் சதையடைப்பு என்றொரு நோயே சொல்லப்பட்டிருக்கிறது. படித்த சித்த மருத்துவர் நாடி பிடித்து, ஸ்கேனும் பார்த்துத்தான் மருந்து தருவார். நாம் யாரிடமும் போகவில்லை. வழி அடைத்துக்கொண்டிருக்கும்போது இன்னும் அதிகமாக நீர் பிரியவைக்கும் சாற்றைக் குடித்தால் பை நிறையுமே தவிர வழி திறக்காது என்று சொல்ல ஒருவரும் பக்கத்தில் இல்லாதபடி பார்த்துக்கொண்டோம். அதிலும் பலன் இல்லை என்றதும் நேர் எதிர்த் திசையில் போனோம்: தண்ணீரையே குறைத்தோம். சித்திரை வெயிலில் நாள் முழுக்க இரண்டு டம்ளர் தண்ணீர், நாலு டீ. விளைவாகச் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தி, முன்னைவிட அடிக்கடி போக வைத்தது. மலச்சிக்கல் சேர்ந்துகொண்டது. சிலருக்குக் கல்லும் வந்தது.

அந்த இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொண்டதே ஆபரேஷன் தேதி குறித்த பிறகுதான். சிறுநீர்ப்பைக்கு அடியில், பெரிய நெல்லிக்காய் அளவில், வாலிபத்தில் சுமார் 20 கிராம் எடையில் இருக்கும் சுரப்பி புராஸ்டேட். விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. சிறுநீர்க்குழாய் அதன் நடுவே புகுந்து வெளியேறுகிறது. நாற்பதுக்குப் பின் சுரப்பியின் உட்பகுதி, அதாவது குழாயைச் சுற்றியிருக்கும் பகுதி, வளரத் தொடங்குகிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேலும் நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்கு இந்த வளர்ச்சி இருக்கிறது. எல்லோருக்கும் அது தொல்லை தருவதில்லை. வளர்ந்த சுரப்பி புற்றுநோயும் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில் தோன்றுகிறது. குழாயைத் தொடாத இடம் என்பதால் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தராது. இந்த ஒரு உடற்கூறு விவரம் நம் இரண்டு பெரிய தவறுகளையும் காட்டிக்கொடுக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தபோது புற்றுநோயாக இருக்குமோ என்று அஞ்சியே டாக்டரிடம் போகாமல் இருந்தோம். எந்தத் தொல்லையும் இல்லாதபோது நமக்கு ஒன்றுமில்லை என்று நம்பினோம்.

சுரப்பி வளர்வதற்கு வயதும் ஆண் ஹார்மோனும் காரணம் என்பது உண்மைதான். அதை நம்மால் மாற்ற முடியாது. அந்த உண்மையை முன்னால் நிறுத்திவைத்து, நம் தட்டையும் நாற்காலியையும் அதற்குப் பின்னால் மறைத்துக்கொண்டோம்.

தட்டை எடுத்துக்கொள்வோம். காலையில் நாலு இட்லியோ பொங்கலோ, பதினோரு மணிக்கு டீயும் வடையும், மதியம் சாதம், மறுபடி சாதம், மோருக்கு மீண்டும் சாதம். காய் என்பது தொட்டுக்கொள்ள. ஒரு கரண்டிப் பொரியலுக்கு மேல் வைத்தால் "இது போதும்மா" என்று கையால் மறைத்தோம். கீரை சமைத்த நாளில் முகம் சுருங்கியது. நாலு மணிக்கு பஜ்ஜி. இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்த தலைமுறையின் பிள்ளைகளான நாம், பத்தரைக்கு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவைத்தோம். அப்பளமும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காது என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டோம். வயலில் இறங்கி உழைத்தவர்களின் சாப்பாட்டளவை அப்படியே வைத்துக்கொண்டு, உழைப்பை மட்டும் விட்டுவிட்டோம். அலுவலக நாற்காலி, கடைக் கல்லாப்பெட்டி, பைக் சீட், வீட்டு சோபா என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இடம் மாறுவதே நம் நடமாட்டம்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1986இல் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார்கள். பல் மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் என்று மருத்துவத் துறை சார்ந்த 51,000க்கும் அதிகமான ஆண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது அது. 1995இல் அதிலிருந்து ஒரு தகவல் வந்தது: தக்காளியும் தக்காளி சாஸும் அதிகம் சாப்பிட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டது. 1998இல் அதே ஆய்விலிருந்து இன்னொரு தகவல் வந்தது: வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் நடந்தவர்களுக்குப் புராஸ்டேட் வீக்கத் தொல்லை, நடக்காதவர்களைவிட நாலில் ஒரு பங்கு குறைவு. ஒரே ஆய்வு, ஒரே ஆட்கள். நாம் தக்காளியை எடுத்துக்கொண்டோம். நடையை விட்டுவிட்டோம்.

எடுத்துக்கொண்ட தக்காளியாவது நிலைத்ததா? அதிலிருக்கும் லைகோபீன் என்ற சிவப்புப் பொருள், எண்ணெயில் வதக்கிச் சமைக்கும்போது உடம்பில் நன்றாகச் சேர்கிறது என்பது சரி. அப்படிப் பார்த்தால் ரசமும் தொக்கும் தக்காளிக் குழம்பும் சாப்பிடும் நாம் இதில் யாருக்கும் இளைத்தவர்களில்லை. ஆனால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இருந்த சான்றுகளையெல்லாம் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, தக்காளிக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்புக்கு ஆதாரம் மிகக் குறைவு என்றது. நமக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் படித்திருக்க மாட்டோம்.

இங்கே பத்திரிகைக்காரர்களான நாமும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். 'புராஸ்டேட்டைக் காக்கும் ஐந்து உணவுகள்' என்ற தலைப்பு எத்தனை மருத்துவ மலர்களில் வந்தது! பூசணி விதை, தக்காளி, கிரீன் டீ, மாதுளை, பாதாம். ஐந்தும் கடையில் வாங்கக்கூடியவை, ஐந்துக்கும் படம் போடலாம். இடுப்பளவைக் குறையுங்கள் என்பதற்கு யார் படம் போடுவது? 'சாப்பிடாதே' என்று சொல்லும் கட்டுரையைவிட 'இதையும் சாப்பிடு' என்று சொல்லும் கட்டுரை வாசகருக்கும் விளம்பரதாரருக்கும் பிடித்தது. நாம் பிடித்ததையே எழுதினோம்.

மாத்திரைக் கதை இன்னும் மோசம். செலினியமும் வைட்டமின் ஈயும் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் டாக்டர்களிடமே இருந்தது. அதைச் சோதிக்க 2001இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000க்கும் அதிகமான ஆண்களைச் சேர்த்து 'செலக்ட்' என்ற பெரும் ஆய்வு தொடங்கியது. பலன் எதுவும் தெரியாததால் 2008இல் மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள். 2011இல் முழுக் கணக்கு வந்தபோது, வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். தடுக்கும் என்று விழுங்கியது வளர்த்திருக்கிறது. சா பால்மெட்டோ என்ற பனைப்பழச் சாறு வீக்கத்தைக் குறைக்கும் என்று விற்கிறார்கள். 2006இலும் 2011இலும் வெளியான இரண்டு நல்ல ஆய்வுகளில் அது வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. மும்மடங்கு அளவு கொடுத்தும் தாண்டவில்லை. இருந்தும் வெளிநாட்டிலிருந்து வரும் மருமகனிடம் "வரும்போது அந்த பாட்டில் ரெண்டு வாங்கிட்டு வாப்பா" என்று சொல்லி அனுப்பினோம். மருமகனிடம் கூட எதற்கென்று சொல்லவில்லை, 'சத்து மாத்திரை' என்றோம்.

அப்படியானால் உணவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, நாம் எதிர்பார்த்த விதத்தில் இல்லை. ஜப்பானில் இந்தப் புற்றுநோய் அரிதாக இருந்த காலத்தில் ஹவாய்க்கும் அமெரிக்காவுக்கும் குடியேறிய ஜப்பானியர்களிடம் அது கூடியது. ரத்தம் அதேதான், வாழ்க்கை மாறியது. அமெரிக்காவில் சோதனைகள் அதிகம் என்பதும் அந்தக் கணக்கில் ஒரு பங்கு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் சோதனைகள் பரவுவதற்கு முன்பே, 1960களிலேயே, இந்த ஏற்றம் பதிவாகியிருக்கிறது. அதேசமயம், ஆரம்ப நிலைப் புற்றுநோய் வந்துவிட்ட 478 ஆண்களில் ஒரு பாதியினரை இரண்டு ஆண்டுகள் காய்கறி நிறையச் சாப்பிடவைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2020இல் வெளியானது. நோயின் போக்கு குறிப்பிடும்படி மாறவில்லை. வந்த பிறகு காய்கறியைத் தேடி ஓடுவது காலம் கடந்த ஓட்டம் என்றுதான் இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. பால், தயிர் பற்றியும் ஒரு சர்ச்சை உண்டு. மிக அதிகமாகப் பால்பொருள் உண்பவர்களிடம் இந்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதல் என்று மேலைநாட்டு ஆய்வுகள் சில சொல்கின்றன. மோர்சாதம் சாப்பிடும் நமக்கு அதில் பயப்பட எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் விட உறுதியாக நிற்பது தொப்பை. அதற்கு நாம் வைத்த பெயர் வசதி. தீபாவளிக்குப் பேன்ட் எடுக்கப் போகும்போது, இடுப்புப் பட்டையைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு "எனக்கு இப்பவும் முப்பத்து நாலுதான்" என்று கடைப் பையனிடம் சொன்னோம். டேப்பைத் தொப்புள் மட்டத்தில் வைத்துப் பார்த்திருந்தால் நாற்பது காட்டியிருக்கும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது 35 அங்குலத்தைச் சற்றே தாண்டிய அளவு, எல்லை என்கிறார்கள். அதற்கு மேல் வயிற்றில் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கிறது. கணையம் இன்னும் இன்சுலினைக் கொட்டுகிறது. மிகுந்துபோன இன்சுலினும் அதோடு சேரும் வளர்ச்சிக் காரணிகளும் புராஸ்டேட் திசுவைத் தூண்டுகின்றன, சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையை இறுக்கும் நரம்புகளும் கூடுதல் விறைப்போடு வேலை செய்கின்றன. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, உடல் பருமன் முற்றிய நிலைப் புராஸ்டேட் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டுவதாகச் சொல்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகக் கணக்கின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். நம் ஊர்த் தொப்பை இரண்டு கடைகளில் கடன் வைத்திருக்கிறது. சர்க்கரை டாக்டர் ஒரு பில்லை எழுதினார்; இன்னொரு பில் யூராலஜிஸ்ட்டிடம் இருந்தது நமக்குத் தெரியவில்லை.

புகைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்கள் நாம். நுரையீரலுக்குத்தானே கெடுதல் என்று. புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்ட நேரத்தில் புகைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நோயாலேயே இறக்கும் வாய்ப்பு, ஒருபோதும் புகைக்காதவர்களைவிட 61 சதவீதம் அதிகம் என்று 2011இல் வெளியான ஆய்வொன்று சொல்கிறது.

இரவு எழுவதற்கு எப்போதும் புராஸ்டேட்டே காரணம் என்பதும் இல்லை, இதையும் நாம் விசாரிக்கவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றாலே நீர் நிறையப் பிரியும். பகலெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு மாலையில் கணுக்காலில் நீர் கோத்துக்கொள்ளும். படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி இரவில் சிறுநீராகும். உப்பு கூடினால் இரவுச் சிறுநீரும் கூடும். ஊறுகாய்ப் பெருமைக்கான விலை அது. குறட்டையையும் இதில் சேர்க்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டுத் திணறும்போது இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது சிறுநீரகத்தை அதிக நீர் வெளியேற்றச் சொல்கிறது. எழுந்து போய்விட்டு வருபவர் சிறுநீர் வந்ததால் விழித்தேன் என்று நினைக்கிறார். மூச்சு முட்டியே விழித்திருப்பார். தொப்பையும் குறட்டையும் கூட்டாளிகள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதோடு இரவு ஒன்பது மணிக்கு ஒரு ஸ்ட்ராங் காபி, அல்லது கடை மூடுவதற்குள் வாங்கிவந்த குவார்ட்டர். மாலை ஐந்துக்குப் பின் காபி டீயை விட்டு, சாயங்காலம் அரை மணி நேரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பகலில் குடித்து முடித்தாலே இரண்டு எழுதல் குறைந்துபோனவர்கள் இருக்கிறார்கள். காசு செலவாகாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, நமக்கு நம்பிக்கை வரவில்லை.

நம் அலட்சியம் ஒரே இரவில் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. தை மாதம், வெளியூர்க் கல்யாணம். அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு மூக்கு ஒழுகுகிறது. தெருமுனை மெடிக்கலில் "தம்பி, சளிக்கு ரெண்டு மாத்திரை குடுப்பா, நல்லதா பாத்து" என்கிறார். தம்பியும் "எடுத்துக்குங்கய்யா, சாப்பிட்டதும் போட்டுக்குங்க, தூக்கம் வரும்" என்று கிழித்துக் கொடுக்கிறார். ஒருவர் கேட்கவில்லை, மற்றவர் சொல்லவில்லை. ராத்திரி பஸ். வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு நாலு மணி நேரம் அடக்குகிறார். மூன்று நாள் மலம் போகவில்லை. மண்டபத்து மாடியில் உறவுக்காரர்களோடு இரண்டு பெக். அந்தச் சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்திருக்கும். முதலாவது சிறுநீர்ப்பை சுருங்கும் சக்தியைத் தளர்த்தும். இரண்டாவது அதன் கழுத்தை இறுக்கும். மலச்சிக்கலும், நிரம்பி வீங்கிய பையும், மதுவும் கூடவே. விடியற்காலையில் முகூர்த்த நேரத்துக்கு அவருக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அடிவயிறு கல்லாகி, வியர்த்து, ஊர் பெயர் தெரியாத மருத்துவமனையில் குழாய் போட்டு ஒரு லிட்டர் எடுத்தார்கள். இது ஒருவர் கதை இல்லை. முகூர்த்த மாதங்களில் பணியில் இருக்கும் எந்த யூராலஜிஸ்ட்டைக் கேட்டாலும் தலையாட்டுவார். யூரின் பையைத் துண்டால் மூடி வீட்டுக்கு வந்த அவரைப் பார்த்துவிட்டு வந்து, நாம் நமக்குள் அடித்துக்கொண்ட ஜோக்குகளும் இந்தக் குற்றப்பட்டியலில் சேர வேண்டியவை.

பரிசோதனை விஷயத்தில் நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். ஒரு கட்சி எதையும் செய்துகொள்ளவில்லை. இன்னொரு கட்சி, கையில் காசு இருந்த கட்சி, மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் இருந்ததால் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையையும் செய்துகொண்டு, 5 என்று வந்ததும் உயில் எழுத உட்கார்ந்தது. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். சாதா வீக்கத்திலும் கூடும். கிருமித் தொற்றில் கூடும். குழாய் போட்ட பிறகும், ஓரிரு நாளுக்குள் உடலுறவு கொண்டிருந்தாலும் கூடும். 4க்கும் 10க்கும் இடையில் இருப்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே திசுச் சோதனையில் புற்றுநோய் தெரிகிறது. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018இல் சொன்னது, 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் நன்மை தீமைகளை டாக்டரோடு பேசிய பின் தாங்களே முடிவெடுக்கட்டும், 70க்கு மேல் வழக்கமான பரிசோதனை வேண்டாம் என்று. பேசி முடிவெடுப்பது என்பதுதான் அதில் நமக்கு ஒத்துவராத பகுதி. டாக்டர் கையுறை போட்டு விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்றபோது "அடுத்த தடவை பாத்துக்கலாம் சார்" என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியேறிய நம்மில் எத்தனை பேர் அடுத்த தடவை போனோம்?

மறைப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. பிரான்ஸின் அதிபர் மித்தரான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தன் உடல்நல அறிக்கையை வெளியிடுவேன் என்று வாக்குக் கொடுத்து 1981இல் பதவிக்கு வந்தவர். அதே ஆண்டில் அவருக்கு எலும்புவரை பரவிய புராஸ்டேட் புற்றுநோய் தெரியவந்தது. நாட்டுக்குச் சொன்னது 1992இல். பதினோரு ஆண்டுகள் பொய் அறிக்கை வந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டார். ஊரிடம் மறைத்தார், டாக்டரிடம் மறைக்கவில்லை. நாம் இரண்டு இடத்திலும் மறைத்தோம். 2024 ஜனவரியில் பிரிட்டன் மன்னர் சார்லஸ் புராஸ்டேட் வீக்கத்துக்குச் சிகிச்சை பெறப் போவதாக அரண்மனையே அறிவித்தது. அந்த நாட்டு அரசு மருத்துவ சேவையின் இணையப் பக்கத்தில் அந்த வியாதியைப் பற்றித் தேடியவர்கள் ஒரே நாளில் பல மடங்கு கூடினார்கள். நம் தலைவர்கள் மருத்துவமனைக்குப் போனால் இன்றும் 'வழக்கமான பரிசோதனை' என்றே செய்தி வருகிறது; நாமும் அப்படியே அச்சடிக்கிறோம்.

அறிகுறிகளை எடைபோட ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் 1992 முதலே உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. முழுக்கப் போன உணர்வு இருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் வரை. மொத்தம் 35இல் ஏழு வரை லேசானது, எட்டு முதல் பத்தொன்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. லேசானது என்றால் பெரும்பாலும் பழக்கத்தை மாற்றிக்கொண்டு காத்திருந்தாலே போதும். நடுத்தரத்துக்கு மாத்திரை இருக்கிறது. கடுமையென்றால் கத்தியின்றி உள்வழியாகவே சுரண்டி எடுக்கும் சிகிச்சை இருக்கிறது. ஆண்மை போய்விடும் என்று நாம் திண்ணையில் பரப்பிய பயத்துக்குப் பெரிய அடிப்படை கிடையாது. ஐந்து நிமிடத் தாள். நாம் பத்து வருடம் எடுத்துக்கொண்டோம்.

அந்தத் தாளில் இல்லாத இன்னொரு கேள்வியையும் டாக்டர் கேட்பார்: "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்றுநோய் இருந்தால் நமக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. அம்மா வழியிலும் பார்க்க வேண்டும். மார்பகம், சினைப்பைப் புற்றுநோய்களோடு தொடர்புள்ள பிஆர்சிஏ2 மரபணுக் கோளாறு ஆண்களிடம் தீவிரமான புராஸ்டேட் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். ஆகவே சித்தி எதனால் இறந்தார் என்பதும் நம் கேஸ் ஷீட்டில் வர வேண்டிய தகவல். நம் அப்பாக்களில் சிலர் கடைசி ஓராண்டு இடுப்பு வலியென்று படுத்தே கிடந்தார்கள். வாய்வுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோயும் அப்படித்தான் வலிக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இறப்புச் சான்றிதழில் மூப்பு என்று இருக்கிறது. அதனால் டாக்டர் கேட்கும்போது "அப்படி யாருக்கும் இல்லீங்க" என்கிறோம். உண்மையான பதில் 'தெரியாது' என்பது. 'இல்லை' என்றே பதிவாகிறது. நம் சட்டைப்பையில் இருக்கும், புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் மாத்திரையை நாற்பது வயது மகன் பார்த்துவிட்டு "என்னப்பா இது?" என்றபோது "பிரஷருக்கு" என்றவர்கள் நாம். பதினைந்து வருடம் கழித்து அவனிடம் இதே கேள்வி வரும். அவனும் இல்லை என்றே சொல்வான்.